பெட்டிக்குள் இருந்த தகர மனுசன்

அப்பா இறந்த பிறகு முத்துச்செல்விக்குப் பிறந்த வீட்டிலிருந்து கிடைத்தது ஒரு விளையாட்டுப் பொம்மை. அதையும் தம்பி விஜயராஜ், சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்கச் சிரித்துக்கொண்டேதான் எடுத்துக் கொடுத்தான்.

"யக்கா, இது ஒனக்குன்னு வாங்குனதுதான? கொண்டு போயி வெளையாடு."

நாற்பதைத் தாண்டியவள், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எட்டயபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைக்கிறவள். அவளிடம் சொல்கிற பேச்சு அது. கூடியிருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் சிரிக்கவும் செய்தார்கள். விஜயராஜின் மனைவி கற்பகம் சிரிப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கேட்டாள்.

"மதினி, அத வைக்க ஒங்க வீட்டுல எடமிருக்கா?"

"எங்க வீட்டுல வேலைக்காவாத சாமானே கெடையாது கற்பகம். எடம் தாராளமா இருக்கு. இங்கனதான் அடைசலா கெடக்கு" என்று சொல்லிவிட்டு, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள் முத்துச்செல்வி. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோவில்பட்டி பஸ் நிலையம்வரை நடந்தே போனாள். வீட்டு வாசலில் கார் நின்றது. கொண்டுவிடட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் ஏறியிருக்க மாட்டாள்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஜப்பானில் செய்த தகர ரோபோ. மூடியில், நிலாவின் மேல் சிவப்பு மார்போடு நடந்து போகிற தகர மனுசனின் படம் போட்டிருந்தது. பேட்டரி போட்டால் நடக்கும், கண் மினுங்கும், மார்பு திறந்து மூடும் என்று அவளுடைய அப்பா ராஜமணி சொல்வார். சொல்வதோடு சரி. முத்துச்செல்விக்கு ஆறு வயதானபோது, தீப்பெட்டி வியாபார விஷயமாகக் கொழும்புக்குப் போன இடத்தில் மகளுக்கென்று அதை வாங்கினார். ஊர் வந்து சேருவதற்குள் மனசு மாறிவிட்டது. பெட்டியின் வாயைச் சேர்த்து ஜப்பான் எழுத்துப் போட்ட ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. அந்தப் பட்டை கிழியாமல் இருந்தால்தான் மதிப்பு என்று கொழும்புக் கடைக்காரன் சொன்னானாம்.

"தெறந்தா வெல போயிரும்" என்று சொல்லிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

பாங்கு மேனேஜர், மெஷின் விற்க வந்தவன், குச்சி ஏற்றிவந்த லாரி முதலாளி என்று யார் வீட்டுக்கு வந்தாலும் கடலை மிட்டாயும் காப்பியும் கொடுத்து, அந்த அலமாரி முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். "பாத்தீயளா, முத்திரையே ஒடைக்கல" என்பார். வந்தவர்களும் ஏதோ பெரிய காரியத்தைச் சாதித்துவிட்ட மனுஷனைப் பார்ப்பதுபோலத் தலையை ஆட்டுவார்கள். சொந்தப் பிள்ளைக்கு வாங்கிய பொம்மையைச் சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததுதான் அவர் செய்த சாதனை.

வெள்ளிக்கிழமைதோறும் அந்த அலமாரிக் கண்ணாடியைத் துடைக்கிற வேலை மட்டும் முத்துச்செல்விக்குக் கொடுக்கப்பட்டது. எட்டு வயதில் ஒருநாள் அலமாரி பூட்டாமல் கிடக்க, பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திறக்கவில்லை. படத்தைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா விட்ட அறையில் காதுக்குள் இரைச்சல் கேட்டது. அன்று ராத்திரி காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்க நாலைந்து நாள் ஆனது.

ஆனாலும் அவரைப் பற்றிப் பேசும்போது அவள் ஒன்றை விடாமல் சொல்வாள். "எங்கப்பா கருமிதான். ஆனா தராசு கோணாது. மகனுக்கும் குடுக்க மாட்டாரு, மகளுக்கும் குடுக்க மாட்டாரு. எல்லாருக்கும் ஒரே பூட்டு." புருஷன் வீட்டாரிடமும் இதைத்தான் சொன்னாள். அப்பாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

எட்டயபுரம் கடையில் பெட்டியை ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே இருந்த பலகையில் வைத்தாள். வருகிறவர்கள் என்ன அது என்று கேட்டால், "எங்கப்பன் சொத்து" என்பாள். அவள் குரலைக் கேட்டவர்கள் அதற்குமேல் கேட்கமாட்டார்கள்.

மறு வருஷம், இரண்டாயிரத்து நாலு ஐப்பசியில், மதுரையிலிருந்து கிட்டு என்கிற பழைய சாமான் வியாபாரி எட்டயபுரம் வந்தான். பழைய வீடுகளில் தூண், கதவு, சுவர்க் கடிகாரம் இருந்தால் பேசி வாங்கிக்கொண்டு போகிறவன். வாசனைப் பாக்கு மெல்லும் வாய், விரலில் இரண்டு மோதிரம். ஏதோ ஒரு கிரயப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்க முத்துச்செல்வியின் கடைக்குள் நுழைந்தவன், தலையைத் தூக்கிப் பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு ஆரம்பித்தான். இந்த ஸ்டூல் எந்தக் காலத்தது? அந்தக் கடிகாரம் ஓடுகிறதா? மேஜை தேக்கா? மர ஸ்டூலைக் குனிந்து தட்டிப் பார்த்தான். கடிகாரத்துக்கு ஒரு விலை சொன்னான். கடைசியாக, போகிறபோக்கில் நினைவு வந்தவன்போல, "மேல ஏதோ அட்டப்பெட்டி இருக்கே, அதயும் சேத்துப் போட்டுக் குடுங்கம்மா. ஐநூறு ரூவா வச்சுக்கலாம்" என்றான்.

முத்துச்செல்வி காகிதத்தை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நீரு உள்ள வந்ததும் மொதல்ல பாத்தது அந்தப் பெட்டிய. அதுக்காக எங் கடை ஸ்டூல எதுக்குய்யா தட்டுதீரு? அதுக்கு வலிக்கப்போவுது."

கிட்டு சிரித்துச் சமாளித்தான். "இல்லம்மா, சும்மா ஒரு ஆசைக்கு. எம் பிள்ளைக்கு வெளையாட."

"ஒம்ம பிள்ளைக்கு என்ன வயசு?"

கிட்டு கொஞ்சம் யோசித்தான். அந்த யோசனையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. "பிள்ளைய மொதல்ல பெத்துட்டு வாரும்" என்று ஜெராக்ஸுக்குக் காசை வாங்கிக் கல்லாவில் போட்டாள்.

மறுநாளே கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினாள். ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. கல்லூரிப் பையன்கள் மறைத்து மறைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்த தடுப்புகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்து, சென்டர்காரனைக் கூப்பிட்டு, பெட்டியின் மேல் இருந்த இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து எழுதி வந்திருந்த சீட்டைக் கொடுத்தாள். படம் மேலிருந்து கீழே சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதே சிவப்பு மார்பு. அதே நிலா. அமெரிக்காவில் எவனோ ஏலத்தில் எடுத்திருந்தான்.

"டாலரு அக்கா" என்றான் சென்டர்காரன். கால்குலேட்டரில் தட்டிக் காட்டினான். அவனே நம்பாமல் மறுபடியும் ஒருமுறை தட்டினான்.

"தகரத்துக்கா?" என்றாள் முத்துச்செல்வி.

"பட்டை கிழியாத பெட்டிக்காம். தெறந்துட்டா அஞ்சுல ஒரு பங்குகூடத் தேறாதுன்னு கீழ போட்டிருக்கான்."

பொம்மையை விட, அதை யாரும் தொடவில்லை என்பதற்குத்தான் விலை. அவளுக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அவரைப்போல உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கிட்டு ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. இந்தத் தடவை ஸ்டூலையும் கடிகாரத்தையும் பார்க்கவில்லை. மூவாயிரம் என்றான். பத்தாயிரம் என்றான். பெட்டியின் மூலை லேசாக நசுங்கியிருக்கிறது, நிறம் வெளிறியிருக்கிறது, இந்தியாவில் இதை வாங்க ஆளே கிடையாது என்றான்.

"ஆளே இல்லாத சாமானுக்கு மதுரையிலருந்து ரெண்டு தடவ பஸ்சுக்குக் குடுத்து வந்திருக்கீரே, ஒமக்கு மூள சரியாத்தான் இருக்கா? அமெரிக்காவுல என்ன வெலைக்குப் போச்சுன்னு நானும் பாத்துட்டேன். டாலர ரூவாயா மாத்தவும் எனக்குத் தெரியும். ஒழுங்கா பேசும்."

கிட்டு பாக்கைத் துப்பிவிட்டு வந்து ஒழுங்காகப் பேசினான். பேச்சு ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் நின்றது. இரண்டு நிபந்தனை போட்டான். பட்டை அசல் என்று அவன் லென்ஸ் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டாவது, அப்பா சொத்து என்பதால் பின்னால் வழக்கு வராமல் இருக்க, தம்பியும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போடவேண்டும்.

"அவனா? எல்லாரும் பாக்கச் சிரிச்சிட்டே குடுத்தான். போடுவான்" என்றாள் முத்துச்செல்வி.

விஜயராஜ் சிரிக்கவில்லை. விலையைக் கேட்டதும் அவனுக்குப் பாசம் பொங்கிவிட்டது. போனில், "அப்பா ஞாபகமா இருந்த ஒரே பொருளு யக்கா. நம்ம ரெண்டு பேருக்கும் பொது. வீட்டுக்கு வா, பேசிக்கிடுவோம்" என்றான். போன வருஷம் பொம்மையைக் கொடுத்தபோது, தீப்பெட்டி செய்கிற ஆபீஸ், வீடு, கார், பாங்கில் இருந்தது எதுவும் அவனுக்குப் பொதுவாகத் தெரியவில்லை.

அவள் போன அன்று கோவில்பட்டியில் அடைமழை. கரிசல் மண் செருப்போடு அப்பிக்கொண்டு கூடவே வந்தது. வெயில் இல்லாமல் குச்சி காயாததால் தீப்பெட்டி ஆபீஸில் வேலை நின்று, விஜயராஜ் எரிச்சலில் இருந்தான். முன்கூடத்தில் சோபாவில் கிட்டு. எதிரே விஜயராஜ். கற்பகம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். போன வருஷம் கொடுக்க மறந்த கடலை மிட்டாய் இன்று வெள்ளித் தட்டில் இருந்தது.

"மதினி எளச்சிட்டீங்க" என்றாள்.

"பொம்மைய வச்சு வெளையாடிட்டே இருந்தேனா, சாப்பிட நேரம் இல்ல" என்றாள் முத்துச்செல்வி.

விஜயராஜ் தொண்டையைச் செருமினான். பாதிப் பணம் தனக்கு வேண்டும் என்றான். அதோடு இன்னொரு காகிதத்தையும் மேஜையில் எடுத்து வைத்தான். தீப்பெட்டி ஆபீஸிலும் அதை ஒட்டிய காலி மனையிலும் தனக்கு உரிமை இல்லை என்று அக்கா எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரம்.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டீன்னா, நான் அவரு கேக்குத காயிதத்துல போட்டுருதேன். ஒரே வேலையா முடிஞ்சிரும்."

முத்துச்செல்வி பத்திரத்தை வாசித்தாள். அவளுக்கு இளக்காரமாக இருந்தது. இவ்வளவு பெரிய சொத்தை வைத்துக்கொண்டு, அக்காளுக்குப் போட்ட ஒரு பொம்மையிலும் பாதி கேட்கிறான். அதற்குமேல் அவனிடம் பேசவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்பா பாரபட்சம் பார்க்காமல் இரண்டு பிள்ளைகளையும் ஒரே மாதிரி காயப்போட்ட மனுஷன். அவர் கட்டின ஆபீஸ் இரண்டாக உடையவேண்டாம் என்று அவளுக்கு முன்பே ஓர் எண்ணம் இருந்தது.

"பிச்சையா நெனச்சு வச்சுக்கோல" என்று பேனாவைத் திறந்தாள்.

"ஒரு நிமிசம்மா" என்றான் கிட்டு.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிப் பெட்டியின் பட்டையை லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தான். நகத்தால் ஓரத்தை மெல்லச் சுரண்டினான்.

"பாத்தாச்சுல்லா அண்ணாச்சி? அதெல்லாம் சரியாத்தான் இருக்கும். ரொம்ப நோண்டாதீங்க" என்றான் விஜயராஜ். குரல் தேவைக்கு மேலே உயர்ந்தது.

கிட்டு விரலை நீட்டிக் காட்டினான். நகத்தில் காய்ந்த பசைத் துணுக்கு ஒட்டியிருந்தது. லேசான நீலம்.

"இப்பிடி நீலமா ஒரு பசைய நான் பாத்ததே இல்ல. இது ஜப்பான்காரன் ஒட்டுனது கெடையாது" என்றான்.

அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தக் கூடத்தில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் தெரியும். தீப்பெட்டிக்குக் காகிதம் ஒட்ட மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க நீல உப்பாகிய மயில்துத்தம் போட்டுக் கிண்டுகிற பசை அது. அந்த வீட்டில் சாப்பிட்ட சோறே அந்தப் பசையில் வந்ததுதான்.

முத்துச்செல்வி பேனாவைக் கையில் வைத்தபடியே, "தெறயும்" என்றாள்.

"தெறக்கக் கூடாது!" விஜயராஜ் எழுந்துவிட்டான். "தெறந்தா வெல போயிரும்!"

அப்பாவின் அதே சொல், அதே குரல். முத்துச்செல்வி எழுந்தாள். கிட்டுவின் கையிலிருந்து பெட்டியை வாங்கிப் பட்டையை இழுத்தாள். அது கிழியக்கூட இல்லை, பிரிந்து வந்தது.

தகர மனுசன் உள்ளேதான் இருந்தான். மார்பில் சிவப்புச் சாயம் பாதி உதிர்ந்திருந்தது. ஒரு கை வளைந்திருந்தது. காலுக்கு அடியில் இருந்த சின்னச் சக்கரங்களில் கரிசல் மண் அடைத்து இறுகிக் கிடந்தது. பேட்டரி கசிந்து முதுகுத் தகரம் துருப்பிடித்திருந்தது. உள்ளங்காலில் காம்பஸ் முனையால் கீறிய எழுத்து: ரா. விஜயராஜ், நாலாம் வகுப்பு.

கற்பகம் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"சொல்லுல" என்றாள் முத்துச்செல்வி.

விஜயராஜ் உட்கார்ந்தான். "ஞாயித்துக்கெழம ஆபீசுக்கு என்னயக் கூட்டிட்டுப் போவாருல்லா…"

"கணக்குப் படிக்கப் போறான்னு சொல்லுவாரு."

"அங்கன வச்சு வெளையாடக் குடுப்பாரு. பெறகு கொண்டுவந்து வச்சிருவாரு. ஒரு நாளு கை வளஞ்சிட்டு. அதுக்கப்புறம் அப்பாவே பசை போட்டு ஒட்டி மூடிட்டாரு. நீ அழுவன்னுதான் ஒங்கிட்டச் சொல்லலயாம்."

"அழுவேன்னு தெரிஞ்சிருக்கு. அறைஞ்சா அழமாட்டேன்னு யாரு சொன்னா அவருக்கு?"

அவள் வாசலில் விழுந்துகொண்டிருந்த மழையைப் பார்த்தாள். எத்தனை வெள்ளிக்கிழமை அந்தக் கண்ணாடியைத் துடைத்திருக்கிறாள். உள்ளே இருந்த பெட்டியில் தம்பி விளையாடி முடித்த பொம்மை. அவளுக்குத் துடைக்கக் கிடைத்தது கண்ணாடி மட்டும். எல்லாருக்கும் ஒரே பூட்டு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாளே, அது நினைவுக்கு வந்ததும் முகம் சுட்டது. அப்பாவின் மேல் கோபம் வருவதற்கு முன்னால், தன் மேல்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. புருஷன் சாகக் கிடந்தபோது ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூட அவரிடம் போய் நிற்கவில்லை. கேட்டாலும் யாருக்கும் கொடுக்கமாட்டார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டாள்.

"இது என் பேனா. ஒம் பத்திரத்த எடுத்து உள்ள வையி. ஆபீசுலயும் மனையிலயும் எனக்குள்ள பங்கு எனக்கு வேணும்."

"யக்கா, ஒரு பொம்மைக்காகவா…"

"பொம்மைக்காகத்தானல நீ பாதி கேட்ட? அது வெளையாட்டுச் சாமான். நீ கேக்கலாம். நான் ஆபீசக் கேக்கக் கூடாதோ?"

கிட்டு நைசாக எழுந்து செருப்பைத் தேடினான். "நீரு எங்க போறீரு? உக்காரும். இப்ப வெல சொல்லும்" என்றாள்.

பதினைந்தாயிரம் என்றான். அவள் வளைந்த கைக்கும் துருவுக்கும் எவ்வளவு கழிக்கிறான் என்று தனித்தனியாகக் கேட்டாள். முதலில் ஸ்டூலைத் தட்டிப் பார்த்து ஐநூறு ரூபாய்க்குக் கேட்ட கதையை விஜயராஜுக்கு முன்னால் சத்தமாகச் சொன்னாள். கிட்டு இருபத்திரண்டாயிரத்தை எண்ணி வைத்துவிட்டு, பொம்மையை எடுத்துக்கொண்டு, காகிதம் கையெழுத்து என்று எதுவும் கேட்காமல் மழையில் இறங்கிப் போனான்.

பிறகு ஒன்றரை வருஷம் பஞ்சாயத்து நடந்தது. விஜயராஜ் ஆள் மாற்றி ஆள் அனுப்பினான். வந்தவர்கள் எல்லாரும் பெரிய மனுஷர்கள். அப்பாவின் ஆத்மா வருத்தப்படும் என்றார்கள். தொழில் கெட்டுப்போகும் என்றார்கள். பொம்பளை ஒருத்திக்கு எதற்கு அவ்வளவு இடம் என்று ஒருவர் கேட்டார். "நின்னு பாக்கத்தான் அண்ணாச்சி. இதுவர எங்கேயும் நிக்க விடலல்லா" என்று சொல்லி அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். வக்கீல் நோட்டீஸ் போனபிறகு ஆத்மாவைப் பற்றிய பேச்சு நின்றது. ஆபீஸ் கட்டடத்தை அவனே வைத்துக்கொண்டு, ஒட்டியிருந்த காலி மனை முழுவதையும் அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தான். ரிஜிஸ்தர் ஆபீஸில் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் காருக்குப் பக்கத்தில் நின்று, "ஒனக்கு இப்பத் திருப்தியாக்கா?" என்று கேட்டான்.

"இல்ல. நீ நெசமாவே ஒரு நாளு எங்கிட்டச் சொல்லுவன்னு இந்த ஒண்ணர வருசமும் பாத்தேன். தப்புத்தான்க்கான்னு ஒரு வார்த்த. அது ஒன் வாயிலருந்து வராது. வக்கீலு சொல்லிக்குடுக்க மறந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மறுநாள் மனையைப் பார்க்கப் போனாள். சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு மேலேயே மண்டிக் கிடந்தது. மரம் வெட்டி மூட்டம் போட்டு அடுப்புக்கரி விற்கிற சோலை என்பவரை வரச்சொல்லியிருந்தாள். அவர் வேலி ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முள்ளை ஒடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் பிஞ்சு மரம்மா. கரிக்குத் தேறாது. வெட்டுக் கூலி நீங்கதான் குடுக்கணும்."

முத்துச்செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புதருக்குள் நாலடி உள்ளே போய், தொடை தடிமனில் நின்ற ஒரு மரத்தைக் கையால் தட்டினாள்.

"இது பிஞ்சா? ஒம்ம கண்ணுல என்னய்யா கோளாறு? மரத்த நீரே எடுத்துக்கிடும். எனக்கு மேக்கொண்டு என்ன தருவீருன்னு சொல்லும்."